சவாயித் தீவில் ஒரு வெள்ளை ஞாயிறு

முதல் நாள், வியாழன்

ஆக்லாந்து விமான நிலையத்தில், பசிபிக் தீவு நாடான சமோவாவின் தலைநகர் ஆப்பியாவுக்குச் செல்லும் வரிசையில் என் பெட்டிதான் இருந்ததிலேயே சிறியது. முன்னால் நின்ற குடும்பத்திடம் ஆறு அட்டைப்பெட்டிகள். ஒன்றில் பிள்ளைகளுக்கான வெள்ளை உடைகள், மற்றதில் எல்லாம் டின்னில் அடைத்த மாட்டிறைச்சி. சமோவாவில் அதற்குப் பிசுப்போ என்று பெயர். முதன்முதலில் கப்பலில் வந்த டின்களில் இருந்தது பட்டாணி சூப்பாம். பீ சூப் வாய்க்கு வாய் மாறி பிசுப்போ ஆனது. பிறகு உள்ளே இறைச்சி வந்தபோதும் பெயர் டின்னோடு தங்கிவிட்டது.

கூட வேலை பார்க்கும் சமோவாத் தோழிதான் அழைத்தாள். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு அங்கே லோட்டு தமாயித்தி, பிள்ளைகளின் ஆராதனை. எல்லோரும் வெள்ளை உடுத்துவதால் வெள்ளை ஞாயிறு என்றும் சொல்வார்கள். மறுநாள் திங்கள் அரசு விடுமுறை. வெளிநாட்டில் இருப்பவர்கள் கிறிஸ்துமஸுக்குப் போகாவிட்டாலும் இதற்குப் போய்விடுவார்களாம்.

நான் கிளம்பியதற்கு இன்னொரு காரணம் உண்டு. எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். 1947-இல் சபைகள் இணைந்து சி.எஸ்.ஐ. ஆன பிறகும் என் பாட்டி கடைசிவரை "நாம எல்.எம்.எஸ்." என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் இந்தத் தோழி, "என் தாத்தா எங்கள் சபையை எல்.எம்.எஸ். என்றுதான் சொல்வார்" என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. 1795-இல் தொடங்கிய அதே லண்டன் மிஷனரி சங்கம். அதன் மிஷனரிகளில் ரிங்கல்தௌபே 1806-இல் தென் திருவிதாங்கூருக்கு, அதாவது எங்கள் பக்கம் வந்தார். ஜான் வில்லியம்ஸ் 1830-இல் சமோவாவுக்கு வந்தார். ஒரே வித்து, இரண்டு மண். அங்கே எப்படி முளைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

ஏறக்குறைய நாலு மணி நேரப் பறப்பு. இறங்கியபோது கடிகாரத்தைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை, அக்டோபரில் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். முன்பு இப்படி இல்லை, தேதியே வேறாக இருந்தது. வியாபாரம் எல்லாம் நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவோடு என்பதால் 2011-இல் சமோவா தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவியது. டிசம்பர் 29, வியாழன் இரவு படுத்தவர்கள் சனிக்கிழமை எழுந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை யாருக்கும் கிடைக்கவில்லை. அதில் மாட்டிக்கொண்டவர்கள் சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்திருந்த ஏழாம் நாள் சபையார். இத்தனை வருடம் அனுசரித்த ஓய்வுநாளுக்குப் புதுக் காலண்டரில் ஞாயிறு என்று பெயர். பெரும்பாலோர் பழைய நாள் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு ஞாயிறன்றே கூடுகிறார்கள். சிலர் இல்லை, சனிதான் சரி என்று பிரிந்துபோனார்கள். காலண்டரை மாற்றினால்கூடச் சபை பிரியும் என்பது எங்கள் ஊர்க்காரிக்கு ஆச்சரியமே இல்லை.

விமான நிலையத்திலிருந்து நேரே முலிஃபானுவா படகுத்துறை. ஒன்றேகால் மணி நேரத்தில் சவாயித் தீவின் சலேலோலோங்கா. தலைநகர் இருக்கும் உப்போலுவைவிட சவாயி பெரியது, ஆனால் ஆள் குறைவு. கடலோரச் சாலையில் வேன் போகப் போக ஊருக்கு ஒரு கிறிஸ்தவக் கோயில், சில ஊரில் மூன்று. இரட்டைக் கோபுரம், வெள்ளை பெயிண்ட், நீல ஓரம். பக்கத்திலேயே வீடுகள், அவற்றுக்குச் சுவரே கிடையாது. வட்டமாகத் தூண்கள், மேலே கூரை, மழைக்கு இறக்கிவிட முடைந்த ஓலைத் தட்டி. இந்த வீட்டுக்கு ஃபாலே என்று பெயர். உள்ளே பாயில் தூங்குபவர், சண்டை போடும் பிள்ளைகள், தொலைக்காட்சி எல்லாம் சாலையிலிருந்தே தெரிகின்றன. ரகசியம் வைத்துக்கொள்ள இடமில்லாத ஊர்.

தோழியின் அப்பாவை "இவர் மத்தாய்" என்று அறிமுகம் செய்தார்கள். குமரி மாவட்டத்துக்காரிக்கு வேறென்ன தோன்றும்? மத்தேயு என்ற பெயரின் மலையாள வடிவம் இங்கேயும் வந்துவிட்டதே என்று பூரித்துப்போனேன். தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். மத்தாய் என்றால் குடும்பத் தலைவர் பட்டமாம். ஒவ்வொரு பெருங்குடும்பமும் கூடித் தங்கள் மத்தாயைத் தேர்ந்தெடுக்கும். மத்தாய்கள் கூடும் ஊர்க்கூட்டத்துக்கு ஃபோனோ என்று பெயர். நிலம், அபராதம், ஊர்க்கட்டுப்பாடு எல்லாம் அங்கேதான்.

ஆறு மணிக்கு மேல் கடற்கரைக்கு நடந்தேன். டங், டங் என்று ஒரு சத்தம். காலி கேஸ் சிலிண்டரை மரத்தில் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடிக்கிறார்கள். அழகாக இருக்கிறதே என்று தொடர்ந்து நடந்தேன். லாவாலாவா என்ற வேட்டி கட்டிய இளைஞர்கள் சாலையோரம் பத்தடிக்கு ஒருவராக நின்றார்கள். அவர்களில் ஒருவர் என் முன்னால் வந்து, சிரிப்பில்லாமல், தரையைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். என்னைத் தேடி ஓடிவந்த தோழி, அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்து, "சா" என்றாள், மெல்ல.

சா என்பது மாலை ஜெபவேளை. முதல் மணிக்கு எல்லோரும் வீட்டுக்குள் போக வேண்டும். இரண்டாம் மணிக்கு ஜெபம் தொடங்கும். மூன்றாம் மணி வரை தெருவில் யாரும் நடமாடக் கூடாது, மீறினால் ஊருக்கு அபராதம் கட்ட வேண்டும். காவலுக்கு நின்றவர்கள் பட்டம் பெறாத ஆண்கள். அவர்கள் கூட்டத்துக்கு அவுமாங்கா என்று பெயர். புல்லில் உட்கார்ந்தபடி கேட்டேன். ஒரு வீட்டில் பாட்டு தொடங்கியது, அடுத்த வீட்டில் வேறு பாட்டு, அதற்கடுத்து இன்னொன்று. புத்தகம் இல்லை, ஆர்மோனியம் இல்லை. நாலு குரலும் தானாகப் பிரிந்து தானாகச் சேர்ந்தன. எங்கள் வீட்டுச் சாயங்கால ஜெபத்தில் பாட்டி கீர்த்தனை எடுக்க, நாங்கள் ஆளுக்கொரு சுருதியில் இழுத்தது நினைவுக்கு வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் சபபாலீ. இவர்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான். வில்லியம்ஸ் 1830 ஆகஸ்டில் வந்திறங்கிய இடம். ஒரு நினைவுச் சின்னம், ஒரு கோயில், காய்ந்துகொண்டிருக்கும் துணிகள். சுற்றுலாப் பயணி என்று நான் ஒருத்திதான்.

கதை இப்படி. வில்லியம்ஸும் சக மிஷனரி பார்ஃபும் 'சமாதானத் தூதன்' என்ற கப்பலில் வந்தார்கள். ரரடோங்காத் தீவில் கிடைத்ததைக் கொண்டு வில்லியம்ஸே கட்டிய கப்பல் அது. வழியில் டோங்காவில், ஊர் திரும்பக் காத்திருந்த ஃபவேயா என்ற சமோவாத் தலைவரும் அவர் மனைவியும் ஏறிக்கொண்டார்கள். கரையில் பேசியது வில்லியம்ஸ் இல்லை, ஃபவேயாதான். இந்த வெள்ளையரின் கப்பலைப் பாருங்கள், துணியைப் பாருங்கள், இரும்பைப் பாருங்கள். இவ்வளவு கொடுத்த கடவுள் நல்லவராகத்தானே இருக்க வேண்டும் என்கிற பாணியில் பேசியதாக வில்லியம்ஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த நேரத்தில் போரில் இருந்த பெருந்தலைவர் மாலியெத்தோவா வைனூபோ வந்தவர்களை ஏற்றுக்கொண்டார். வில்லியம்ஸ் சில நாளில் கிளம்பிப் போய்விட்டார். தங்கி ஊர் ஊராக நடந்து கற்பித்தவர்கள் அவர் விட்டுச்சென்ற எட்டு ஆசிரியர்கள். எல்லோரும் பக்கத்துத் தீவுகளைச் சேர்ந்த பாலினேசியர்கள். 1832-இல் அவர் திரும்பி வந்தபோது பல ஊர்களில் கோயில் எழும்பியிருந்தது.

எனக்கு எங்கள் பக்கத்து மைலாடி வேதமாணிக்கம் நினைவுக்கு வந்தார். சிதம்பரத்துக்கு யாத்திரை போன மனிதர் தஞ்சாவூரில் மிஷனரி கோல்ஹாஃபின் பிரசங்கம் கேட்டு, ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அவர் கேட்டுக்கொண்டதால்தான் பின்னால் ரிங்கல்தௌபே மைலாடிக்கு வந்தார். இரண்டு கரையிலும் வெள்ளைக்காரர் கையைப் பிடித்து அழைத்துவந்தவர் உள்ளூர்க்காரர். ஆனால் கல்வெட்டில் யார் பெயர் பெரிதாக இருக்கிறது என்று கேட்கவே வேண்டாம்.

ஃபவேயா பேச்சு மட்டும் போதாது என்கிறார் தோழியின் அப்பா. போர்த் தெய்வமான நஃபானுவா, அதற்கும் முன்பே மாலியெத்தோவாக் குடும்பத்துக்கு ஒரு வாக்கு சொல்லியிருந்தாளாம்: உன் ஆட்சிக்குத் தலை வானத்திலிருந்து வரும், காத்திரு. அந்தத் தலைதான் இயேசு என்று ஊர் எடுத்துக்கொண்டது. ஆக இவர்கள் கணக்கில் சுவிசேஷம் பழைய தெய்வத்தைத் துரத்திவிட்டு வரவில்லை, அவள் வாக்குப்படி வந்தது. ஞாயிறு தவறாமல் கோயிலில் முன்வரிசையில் உட்காருகிற மனிதர் இதைக் கண் சிமிட்டாமல் சொல்கிறார்.

சபைகளுக்கு இவர்கள் வைத்திருக்கும் பழைய பெயர்களும் எனக்குப் பிடித்தன. எல்.எம்.எஸ். வழி வந்தது லோட்டு தயித்தி, அதாவது தஹீத்தி மார்க்கம். மெத்தடிஸ்டு லோட்டு தோங்கா, டோங்கா மார்க்கம். கத்தோலிக்கம் லோட்டு போப்பே. லண்டனுக்கு அதில் இடமே இல்லை. எந்தக் கடல்வழியாக, எந்தச் சொந்தக்காரர் கொண்டுவந்தார் என்பதுதான் அடையாளம்.

மாலையில் போதகர் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ஊரிலேயே நல்ல வீடு அதுதான், ஊர் கட்டிக்கொடுத்தது. முறைவைத்துச் சாப்பாடு போகிறது. அவர் வெளியூர்க்காரர், ஊர் அழைத்து வந்தவர். ஊர் அரசியலில் அவருக்குப் பங்கில்லை. அவரை ஃபேயங்காயிங்கா என்று சொல்கிறார்கள். உடன்படிக்கை என்று பொருள். ஆனால் இந்தச் சொல் வேதாகமத்துக்கு முந்தியது. சமோவாவில் அது அண்ணனுக்கும் தங்கைக்கும் உள்ள உறவின் பெயர். தங்கை அண்ணனின் கண்மணி என்று இவர்களிடம் ஒரு பழமொழியே இருக்கிறது. அண்ணன் உழைக்க வேண்டும், காக்க வேண்டும், நல்ல பண்டத்தை முதலில் அவளுக்குக் கொடுக்க வேண்டும். அவள் வாயால் சபித்துவிடக் கூடாதே என்று பயப்பட வேண்டும். போதகர் வந்தபோது ஊர் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தது தங்கையின் இடத்தில்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி: இங்கே யார் யாரை மனந்திரும்பச் செய்தார்கள்?

மூன்றாம் நாள், சனி

ஊர் முழுக்கப் புல் வெட்டும் சத்தம். பிள்ளைகள் வீட்டுக்கு வீடு வசனம் ஒப்புவித்துப் பழகுகிறார்கள். அதற்குத் தவ்லோத்தோ என்று பெயர். ஆறு வயதுப் பையன் ஒருவன் தென்னையிடம் தன் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான், தென்னை திருத்தவில்லை.

மொழியில் ஒரு வேடிக்கை. வீட்டில் பேசும்போது இவர்கள் 'த' வரும் இடத்தில் 'க' சொல்கிறார்கள். ஜெபம் தொடங்கியதும் எல்லா 'க'வும் 'த' ஆகிவிடுகிறது. வேதாகமம், பாட்டு, பள்ளிக்கூடம், என்னைப் போன்ற வெளியாள் என்றால் 'த'. அடுப்படி, சண்டை, ஊர்க்கூட்டத்தின் பெரிய பேச்சு என்றால் 'க'. இவர்கள் மொழியில் முழு வேதாகமம் 1855-இல் வந்துவிட்டது. கர்த்தரிடம் ஒரு தமிழும் கறிக்கடையில் ஒரு தமிழும் பேசி வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தோழியின் தம்பி பாடகர் குழுவில் இருக்கிறார். தண்ணீர் ஊற்றிக் குளிக்கும்போது பார்த்தேன், இடுப்பிலிருந்து முழங்கால் வரை கறுப்பாகப் பச்சை குத்தியிருந்தது. பேஆ என்று பெயர். பல் வைத்த சீப்பு போன்ற கருவியைக் குச்சியால் தட்டித் தட்டிக் குத்துவது. பல நாள் ஆகும். வலி தாங்காமல் பாதியில் எழுந்தால் ஆயுளுக்கும் அவமானம். மிஷனரிகள் இதை ஒழிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. இந்தக் கலை ஃபிஜியிலிருந்து இரட்டைச் சகோதரிகள் நீந்திக் கொண்டுவந்தது என்பது கதை. 'பெண்களுக்குக் குத்து, ஆண்களுக்கு வேண்டாம்' என்று பாடிக்கொண்டே வந்தவர்கள், சிப்பி எடுக்க முங்கி எழுந்ததில் பாட்டைத் தலைகீழாக்கிவிட்டார்களாம். பெண்களுக்கும் உண்டு, ஆனால் மென்மையானது, தொடையில்.

உடை விஷயத்தில் மிஷனரிகள் ஜெயித்தார்கள். நாளைக்காகத் தோழியின் அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது வெள்ளை புலேதாசி: நீளப் பாவாடை, அதன்மேல் நீளச் சட்டை, கூடவே தொப்பி. இதைப் பார்த்து எனக்குள் ஏதோ முரண்டியது. எங்கள் பக்கம் அதே சங்கத்து அம்மாமார் தைத்துக்கொடுத்த குப்பாயத்தைப் போட்டதற்காகப் பெண்களைச் சந்தையில் இழுத்துக் கிழித்தார்கள். 1859-இல் அரச உத்தரவு வரும்வரை நடந்த தோள்சீலைப் போராட்டம் அது. எங்களுக்கு மேலாடை ஒரு உரிமை. இங்கே உடம்பை மறைக்கக்கூடாது என்று யாரும் யாரையும் தடுத்திருக்கவில்லை. வெட்கத்தைத்தான் புதிதாகக் கொண்டுவந்தார்கள். ஒரே தையல் ஊசி. அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் தொப்பியின் பூவைச் சரிசெய்துகொண்டே, "வெயிலுக்கு நல்லது" என்றார்.

நான்காம் நாள், ஞாயிறு

நாலு மணிக்கே புகை வாசனை. சமையல் ஆண்கள் வேலை. உமு என்பது தரைக்கு மேலே போடும் கல் அடுப்பு. விறகின்மேல் எரிமலைக் கல்லை அடுக்கிக் கனியவிட்டு, கல் சூடேறியதும் கொள்ளியை விலக்கி, மேலே சேம்பு, சீமைப்பலா, மீன், ஒரு முழுப் பன்றி. எல்லாவற்றுக்கும் மேல் வாழை இலை, அதன்மேல் இன்னும் இலை. தம்பி பலகையில் உட்கார்ந்து, முன்னால் நீட்டியிருக்கும் இரும்பில் தேங்காய் துருவினார், நம் துருவலையேதான். துருவிய தேங்காயை ஒரு பிடி நாரில் சுருட்டி முறுக்கியதும் கெட்டிப்பால் வழிந்தது. அதை இளம் சேப்பிலையில் ஊற்றி, வெங்காயம் போட்டு, பொட்டலம் கட்டி அடுப்பில் வைத்தார். பண்டத்தின் பெயர் பலுசாமி. எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவர் பெயரும் ஏறக்குறைய அதுதான்.

கோயில் ஒன்பது மணிக்கு. முழு வெள்ளை. ஆண்கள் வெள்ளைச் சட்டை, கோட்டு, டை, கீழே பாக்கெட் வைத்துத் தைத்த வேட்டி, வெறுங்காலில் செருப்பு. இந்தக் கோலத்தில் ஒரு கம்பீரம் இருக்கிறது, நம் ஊர் மாப்பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்யலாம்.

இன்று பெரியவர்களுக்கு வேலை இல்லை. வாசிப்பு, ஜெபம், நாடகம், பாட்டு எல்லாம் பிள்ளைகள். மூன்று வயதுக் குழந்தை மைக்கைப் பிடித்து ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு அழுதது. கோயிலே கண்ணைத் துடைத்தது. தென்னையிடம் பழகிய பையன் பாதியில் நின்றான். பின்வரிசையிலிருந்து அவன் பாட்டி அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தார், அப்புறம் அருவிதான். காயீனும் ஆபேலும் நாடகத்தில் ஆபேல் செத்த பிறகும் கையைச் சொறிந்துகொண்டான். மூன்று மணி நேரம். முதுகு போய்விட்டது, ஆனால் எழுந்துபோக மனசு வரவில்லை.

அப்புறம் தோனாயி, ஞாயிற்றுச் சாப்பாடு. மற்ற ஞாயிறுகளில் பெரியவர்களும் விருந்தினரும் முதலில் உண்பார்கள், பிள்ளைகள் விசிறிக்கொண்டு ஈ ஓட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட வேண்டும். இந்த ஒரு நாள் அது தலைகீழ். பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார, மத்தாய் குனிந்து தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் முன்னால் கடந்துபோனபோது தலையைத் தாழ்த்தி "துலோ" என்றார். உட்கார்ந்திருப்பவரைத் தாண்டும்போது கேட்கும் மன்னிப்பு அது. ஆறு வயதுப் பையன் ராஜாவைப் போல ஐஸ்கிரீம் கேட்டான், வந்தது.

சாப்பாடு பற்றி இன்னும் எழுதலாம். பலுசாமியை ஒரு கடி கடித்ததும் இலையும் பாலும் ஒன்றாகி உப்புக் கடலாக வாயில் கரைந்தது. எங்கள் சபை அசன விருந்தில் பெரிய அண்டாவிலிருந்து வாளியில் வரும் ஆட்டுக்கறிக்குப் பிறகு கோயிலோடு சேர்ந்து என் நாக்கில் தங்கப்போகும் ருசி இதுதான்.

மத்தியானம் ஊரே தூங்கியது. மாலை ஆராதனையில் ஒரு உறுத்தல். உதவிக்காரர் எழுந்து நின்று குடும்பம் குடும்பமாகப் பெயரும் போதகருக்கான காணிக்கைத் தொகையும் வாசித்தார். இவ்வளவு தாலா, இவ்வளவு தாலா. தாலா இவர்கள் நாட்டுப் பணம். தோழியின் குடும்பத் தொகை வந்தபோது அவள் தரையைப் பார்த்தாள். அவளுடைய ஆக்லாந்து சம்பளம் அது, எனக்குத் தெரியும். இதுபோக, சாவு, கலியாணம், பட்டம் சூட்டுதல் என்று வரும் செய்முறைகளுக்கு ஃபாலவேலாவே என்று பெயர். அந்தச் சொல்லுக்கு இடைஞ்சல் என்றும் பொருள். கடன் வாங்கிக்கொடுப்பவர்கள் உண்டு. போதகர்களுக்குப் போகும் இந்த அன்புக் காணிக்கைக்கு வரி என்று 2018-இல் அரசு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது நாட்டின் மிகப் பெரிய சபையே கட்ட மாட்டோம் என்று நின்றது. அதற்கு முந்தைய வருடம்தான் சமோவா கிறிஸ்தவ தேசம் என்று அரசியல் சாசனத்தின் உள்ளே எழுதிக்கொண்டார்கள். 'சமோவாவின் அஸ்திவாரம் தேவன்' என்பது ஏற்கெனவே அரசு முத்திரையில் இருக்கும் வாசகம்.

"ஏன் கொடுக்கிறாய்?" என்று இரவில் கேட்டேன். "தங்கைக்குக் கொடுப்பதை யாராவது கணக்குப் பார்ப்பார்களா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் தங்கை வீட்டு ஏசி என் வீட்டில் இல்லை" என்றாள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள்.

ஐந்தாம் நாள், திங்கள்

விடுமுறை. தம்பி வண்டி எடுத்தார். வடக்கே சலேயவுலாவில் மத்தவானு எரிமலை 1905 முதல் 1911 வரை ஊற்றிய குழம்பு கறுப்பாக உறைந்து கிடக்கிறது, கண்ணுக்கெட்டிய தூரம். ஊர்கள் அதற்கடியில். எல்.எம்.எஸ். கோயில் ஒன்றின் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. குழம்பு வாசல் வழியாகவே உள்ளே வந்திருக்கிறது, சபையார் வருவதைப் போல. மேலே விழுந்த தகரக்கூரையின் வரிகள் கல்லில் அப்படியே பதிந்திருக்கின்றன. பக்கத்தில் ஒரு பெண்ணின் கல்லறை; அதைச் சுற்றிக்கொண்டு குழம்பு விலகிப் போயிருக்கிறது. கன்னியின் கல்லறை என்கிறார்கள். அவள் பரிசுத்தம் காத்தது என்பது ஊர் நம்பிக்கை. பெரணி ஒன்று பள்ளத்தில் பச்சையாக நின்றது. நான் அதைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

மேற்குக் கோடியில் ஃபாலேயலுப்போ. 1990, 1991 புயல்களில் சிதைந்த கத்தோலிக்கக் கோயிலை அப்படியே விட்டிருக்கிறார்கள். நஃபானுவாவின் ஊர் இதுதான். செத்தவர்களின் ஆவி தீவின் இந்த முனைக்கு வந்துதான் புலோத்து என்ற மறுவுலகுக்கு இறங்குமாம். 2011 வரை உலகின் கடைசி அஸ்தமனம் இங்கே என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள். தேதி மாறியதும் ஒரே இரவில் முதல் வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் தம்பி இஃபோங்கா பற்றிச் சொன்னார். ஒருவன் கொலையோ பெருங்குற்றமோ செய்துவிட்டால், அவன் குடும்பத்தார் விடியுமுன் போய்ப் பாதிக்கப்பட்டவர் வீட்டு முன்னால் தலைகுனிந்து உட்காருவார்கள். அவர்கள் மத்தாயின்மேல் ஒரு ஈயே தோங்கா போர்த்தியிருக்கும். தாழை ஓலையை மெல்லிய இழையாகக் கீறி மாதக்கணக்கில் முடையும் பாய் அது, பட்டு மாதிரி இருக்கும். குடும்பத்தின் பெரிய சொத்து. மழையானாலும் வெயிலானாலும் அங்கேயேதான் உட்கார வேண்டும். வீட்டுக்காரர் எழுந்துவந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் முன்காலத்தில் வெட்டும் விழும். 2021 ஆகஸ்டில், 1970-களில் பசிபிக் மக்களின் வீடுகளில் விடியற்காலைச் சோதனை நடத்தியதற்கு மன்னிப்புக் கேட்க, நியூசிலாந்து பிரதமர் ஜெசிண்டா ஆர்டெர்ன் இப்படிப் பாய்க்கடியில் உட்கார்ந்ததை நானே தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். அன்று புரியாதது இன்று புரிந்தது.

"இது வேதாகமத்துக்கு முன்னாலேயே இருந்ததா?" என்று கேட்டேன். "இருந்தது. அதனால்தான் சிலுவையை எங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை" என்றார் தம்பி, கியரை மாற்றிக்கொண்டே.

ஆறாம் நாள், செவ்வாய்

காலைப் படகில் திரும்பினேன். ஆப்பியாவில் ஆறேழு மணி நேரம். தியாபபாத்தா மேட்டில் ஒரு வெள்ளைக் குவிமாடம், 1984-இல் திறந்த பஹாய் மத வழிபாட்டு இல்லம். சுவாரசியம் என்னவென்றால், 2007 வரை நாட்டின் தலைவராக இருந்த இரண்டாம் மாலியெத்தோவா தனுமஃபிலி ஒரு பஹாய். சபபாலீ கரையில் முதல் மிஷனரியை ஏற்றுக்கொண்ட அதே வம்சம். தோழியின் அப்பாவிடம் இதை நேற்றே கேட்டிருந்தேன். "அவர்கள் குடும்பத்துக்குப் புது விருந்தாளியை வரவேற்றுப் பழக்கம்" என்றார்.

நேரமாகிவிட்டது என்று டாக்சி பிடித்தேன். விமான நிலையம் 35 கிலோமீட்டர், இரவு விமானம். மடியில் தோழியின் அம்மா கட்டிக்கொடுத்த பலுசாமி, ஆக்லாந்து சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று தெரிந்தே வாங்கியது. பாதி வழியில் ஒரு ஊர் எல்லையில் லாவாலாவா கட்டிய பையன்கள். டங், டங். எல்லா ஊரிலும் வண்டியை மறிப்பதில்லை, இந்த ஊரில் மறித்தார்கள். டிரைவர் ஓரம்கட்டி எஞ்சினை அணைத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. இருட்டில் ஒரு வீட்டில் பாட்டு தொடங்கியது. அவர் ஸ்டீயரிங்கில் விரலைத் தட்டியபடி கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டார். விமானம் போய்விடுமோ என்ற பயத்தோடு பொட்டலத்தைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தேன். பாதியை அவருக்கு நீட்டினேன். பாட்டை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினார், முடியட்டும் என்று.

மூன்றாம் மணி அடித்தது. "சரி, இப்போது கொடு" என்று கையை நீட்டிக்கொண்டே சாவியைத் திருப்பினார்.